சத்தமில்லாமல் ஜெபிக்க உட்கார்ந்தால் பயம்தான் முன்னால் வந்து நிற்கிறது

தண்டையார்பேட்டை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இங்கே ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று எல்லா சபையாரும் இருக்கிறீர்கள். அந்தத் தைரியத்தில்தான் கேட்கிறேன்.

என் மகன் சரக்குக் கப்பலில் ஓ.எஸ்., அதாவது கடைநிலை மாலுமி வேலை பார்க்கிறான். ஒன்பது மாத கான்ட்ராக்ட், இன்னும் பாதிகூட முடியவில்லை. செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த பிறகு இவர்கள் கம்பெனி சூயஸ் வழியை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் அனுப்புகிறது. அதுதான் பாதுகாப்பு என்று அவன் சொல்கிறான். ஆனால் அந்த வழியில் போனால் நாள் கணக்கில் பேச முடிவதில்லை. கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆப் ஒன்றை என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அதுவே எனக்கு வினையாகிவிட்டது. ராத்திரி எழுந்து எழுந்து பார்க்கிறேன். நேற்று இருந்த புள்ளி இன்று இருக்காது. கடைசியாகத் தெரிந்த இடம் இது, இத்தனை மணி நேரம் ஆயிற்று என்று மட்டும் போட்டிருக்கும். அந்த மணிக்கணக்கு ஏற ஏற எனக்குக் கை கால் சில்லிட்டுப் போகிறது.

நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் சி.எஸ்.ஐ. ஞாயிறு ஆராதனை, வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம், பெண்கள் ஐக்கிய சங்கம் எதையும் விட்டதில்லை. வாய்விட்டு ஜெபிக்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் கொஞ்ச காலமாக, ‘ஆண்டவரே, என் பிள்ளையைக் காப்பாற்றும்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

எனக்குப் பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. கூட வேலை பார்க்கும் ஒரு ஆர்.சி. அக்கா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலுக்கு அழைத்துப் போனார். செவ்வாய்க்கிழமையில் அங்கே கால் வைக்க முடியாது, நாங்கள் போனது வேறொரு நாள். அந்த அக்கா முழங்காலில்கூட நிற்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். எழுந்து வரும்போது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. என்னக்கா ஜெபம் பண்ணினீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, அவர் முன்னால் இருந்தேன், அவ்வளவுதான் என்றார்.

நானும் அப்படி உட்கார்ந்து பார்க்கிறேன். எனக்கு அமைதி வரவில்லை. வாய் மூடியதும் பயம்தான் தெளிவாகத் தெரிகிறது. மகன் முகம், அலை, இருட்டு. எங்கள் கூட்டத்தில் ஒரு சகோதரி, இதெல்லாம் யோகா மாதிரி, மனசைக் காலியாக வைத்தால் வேண்டாதது நுழையும் என்கிறார். அதுவும் ஒரு பயமாகச் சேர்ந்துவிட்டது.

மௌனமாக இருப்பது ஜெபம்தானா? ஆமென்றால் உள்ளே என்ன செய்ய வேண்டும்? வீட்டில் இரண்டே அறை, மாமியாரின் சீரியல், பக்கத்து வீட்டு மோட்டார். இங்கே இருந்துகொண்டு அது முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வியாசர்பாடி பிரதர் எழுதியது:

சகோதரி, கர்த்தர் உங்கள் மகனைத் தம் சிறகுகளின் கீழ் மறைத்துக் காப்பாராக. இன்று எங்கள் வீட்டு ஜெபத்தில் பெயர் சொல்லாமல் ‘கப்பலில் இருக்கிற அந்தப் பிள்ளை’ என்றே வைத்தோம்.

என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். மனதைக் காலியாக்கச் சொல்லி வேதத்தில் நான் படித்ததில்லை. முதலாம் சங்கீதம் இரவும் பகலும் கர்த்தருடைய வேதத்தில் தியானமாயிருக்கச் சொல்கிறது. யோசுவாவுக்கும் அதே கட்டளைதான். தியானம் என்றால் அங்கே வசனம் இருக்கிறது, வெறுமை இல்லை. அதனால் அந்தச் சகோதரி சொன்னதில் அக்கறை இருக்கிறது, அதைத் தள்ள வேண்டாம்.

இன்னொன்று, பவுலும் சீலாவும் சிறையில் நடுராத்திரியில், கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்கும்போது, வாய்விட்டுப் பாடினார்கள். பயம் நெஞ்சை அடைக்கும்போது சத்தமாகத் துதித்துப் பாருங்கள். அடைபட்டது திறக்கும். எங்கள் குடும்பத்தில் பலமுறை கண்டிருக்கிறோம்.

---

பழைய துறைமுகத்தான் எழுதியது:

தங்கச்சி என்று கூப்பிடுகிறேன், என் வயதுக்கு அது தகும். நான் ராயபுரம், ஆர்.சி. துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கு வைக்கும் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். செபத்தைப் பற்றிப் பேசுமுன் அந்தப் புள்ளியைப் பற்றிப் பேசிவிடுவோம், இல்லையென்றால் மற்றது காதில் ஏறாது.

அந்த ஆப் காட்டுவது கப்பலிலிருந்து வரும் ரேடியோ சிக்னலை. கரையில் இருக்கிற ரிசீவருக்கு அது சுமார் 40 கடல் மைல் வரைதான் எட்டும். அதைத் தாண்டி நடுக்கடலுக்குப் போய்விட்டால் செயற்கைக்கோள்தான் பிடிக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டும். நீங்கள் வைத்திருப்பது இலவச ஆப்பாக இருக்கும். அதில் புள்ளி மறைந்தால் பெரும்பாலும் கப்பல் கரையை விட்டு வெகுதூரம் போய்விட்டது என்றுதான் அர்த்தம். அதை வைத்துக் கப்பலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கப்பலும் தினமும் நடுப்பகலில் தன் இடம், வேகம், வானிலை எல்லாவற்றையும் கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்பும். நூன் ரிப்போர்ட் என்பார்கள். மகனை அனுப்பிய ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் போட்டு, பெற்ற தாய் கேட்கிறேன், கப்பல் எங்கே என்று சொல்லுங்கள் என்று கேளுங்கள். தயங்காதீர்கள். விசாரித்துத் தெரிந்துகொள்வது விசுவாசக் குறைவு ஆகாது.

இனி செபம். வியாசர்பாடித் தம்பி சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. எங்கள் சபையும் அதையே சொல்லியிருக்கிறது. 1989-ல் ரோமாபுரியிலிருந்து எல்லா ஆயர்களுக்கும் தியான முறைகளைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. உடம்பை அடக்கி, மூச்சை நிதானப்படுத்தி உட்காருவது எல்லாம் உதவலாம், ஆனால் கிறிஸ்தவ செபம் என்றால் கடவுளும் மனுஷனும் ஆள் ஆளாகச் சந்திப்பது, தனக்குள்ளேயே சுருண்டுகொள்வது இல்லை என்பது அதன் சாரம். உங்கள் ஆபீஸ் அக்கா சொன்னதைக் கவனித்தீர்களா? ‘அவர் முன்னால் இருந்தேன்.’ காலி அறையில் உட்காரவில்லை அவர். எதிரே ஒருவர் இருக்கிறார்.

ஆர்ஸ் என்ற பிரெஞ்சு கிராமத்தில் பங்குத்தந்தையாக இருந்த புனித ஜான் வியான்னி ஒரு விவசாயியைப் பற்றிச் சொல்வார். அவன் கோயிலுக்கு வந்து நற்கருணைப் பேழைக்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருப்பானாம். என்னப்பா செய்கிறாய் என்று கேட்டதற்கு, நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார் என்றானாம். எங்கள் சபையின் மறைக்கல்வி ஏடு மௌன செபத்தை விளக்கும் இடத்தில் அந்தப் படிப்பறியாத மனுஷனின் பதிலை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது.

ஆனால் உட்கார்ந்ததும் பயம் வருகிறதே, அதற்கு என்ன செய்வது? இது பழைய கேள்வி. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் கசியான் என்ற துறவி எகிப்துப் பாலைவனத்துக்குப் போய் அங்கிருந்த பெரியவர்களிடம் இதைத்தான் கேட்டார். மனசு நிற்கவில்லை, எதைப் பிடித்துக்கொள்வது? ஈசாக்கு என்ற பெரியவர் ஒரே ஒரு வசனத்தைக் கொடுத்தார். உங்கள் பைபிளில் சங்கீதம் 70, முதல் வசனம்: ‘தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.’ பசி வந்தாலும் இது, தூக்கம் வராவிட்டாலும் இது, கோபம் வந்தாலும் இது, சந்தோஷம் வந்தாலும் இதுவே. தூங்கும்போதும் வாயில் இருக்கட்டும் என்றார். எங்கள் குருக்களும் கன்னியரும் தினமும் சொல்லும் கட்டளைச் செபம் இன்றுவரை இந்த வசனத்தில்தான் தொடங்குகிறது.

ஆகவே நீங்கள் ‘என் பிள்ளையைக் காப்பாற்றும்’ என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்வதாக வருத்தப்பட்டீர்களே, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று ஆண்டவர் சொன்னது உண்மை. அதே ஆண்டவர் பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் மூன்றாம் தரமும் ‘அந்த வார்த்தைகளையே’ சொல்லி செபித்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். வேறு வார்த்தை அவருக்கும் அந்த ராத்திரியில் வரவில்லை. உங்களுக்கு நின்றுபோனது பேச்சுதான், செபம் அதே இடத்தில் இருக்கிறது.

நான் செய்வதைச் சொல்கிறேன். சாயங்காலம் ராயப்பர் கோயிலில் கடைசி பெஞ்சுக்கு முன் பெஞ்சில் உட்காருவேன், அங்கே ஃபேன் காற்று நேரே வராது. முதலில், இன்றைக்கு என்னை அரிக்கிற விஷயம் எதுவோ அதை ஒரு தரம் அவரிடம் பேர் சொல்லிச் சொல்லிவிடுவேன். நீங்கள் மகன் பேரைச் சொல்லுங்கள். விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை, அவருக்குத் தெரியும். அப்புறம் அந்த வசனம், மூச்சோடு, மெதுவாக. வெளியே ஆட்டோ ஹாரன், யாரோ வாசலில் செருப்புக்குச் சண்டை, மனசு போய்விடும். போனது தெரிந்ததும் வசனத்துக்குத் திரும்பி வருவேன். ஏன் போனோம் என்று ஆராயமாட்டேன். பயம் வந்தால் அதோடு மல்லுக்கட்டவும் மாட்டேன், அதற்குப் பதிலும் சொல்லமாட்டேன். வந்துவிட்டாயா, இரு, நான் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று விட்டுவிடுவேன். துறைமுகத்தில் பெர்த்தில், அதாவது கரை மேடையில் கட்டிய கப்பலைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு நிமிஷம்கூட அசையாமல் நிற்காது, அலைக்கு ஏறும், இறங்கும், கயிறு இறுகும், தளரும். ஆனாலும் பெர்த்தை விட்டுப் போகாது. மனசை அசையாமல் நிறுத்துவது நம் வேலையே இல்லை.

அவிலா தெரேசம்மாள், மௌன செபத்துக்கு எங்கள் சபையே குருவாகக் கொண்டாடுகிற அம்மா, பல வருஷம் செபத்தில் உட்கார்ந்தால் எப்போது மணி அடிக்கும், எப்போது எழுந்து போகலாம் என்றே காத்திருந்ததாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருக்கே அப்படி. ஆகையால் நல்ல உணர்ச்சி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் தம்பி காசிமேட்டிலிருந்து போன படகோடு திரும்பவில்லை. எங்கள் அம்மா அவன் வர வேண்டும் என்று வேண்டாத புனிதர் இல்லை, எரிக்காத மெழுகுவர்த்தி இல்லை. அவன் வரவில்லை. அப்படியானால் கடவுளை நம்புவது என்றால் என்ன என்று நான் பல காலம் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். நம்பினால் பிள்ளை பத்திரமாக வந்துவிடுவான் என்று உங்களுக்கு நான் எழுதித் தர முடியாது, யாராலும் முடியாது. ஆனால் எங்கள் அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. முன்பெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருக்கும். அப்புறம் அசையவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பீடத்தைப் பார்த்தபடி இருப்பார், கண்ணீர் அதுபாட்டுக்கு வரும், துடைக்கமாட்டார். எழுந்து வந்தபின் மீன் ஆய்வார், பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போடுவார், யாரிடமும் கடுகடுப்பு இல்லை. துக்கம் தீரவே இல்லை அவருக்கு. துக்கத்தோடேயே உறங்க முடிந்தது. நான் சமாதானம் என்று தெரிந்துகொண்டது அதைத்தான், எங்கள் அம்மாவிடம்.

---

திருவொற்றியூர் நர்ஸ் எழுதியது:

அக்கா, நான் பெந்தெகொஸ்தே சபை. எங்கள் சபையில் அமைதி என்பது அறிவிப்பு நேரத்தில் மட்டும்தான். இருந்தாலும் மௌன ஜெபம் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் நான் அன்னாளைக் காட்டுவேன். முதலாம் சாமுவேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் பிள்ளை வேண்டி ஜெபிக்கிற அவளுக்கு உதடு மட்டும் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை, ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார். அந்த ஜெபம் கேட்கப்பட்டது. அவளும் பிள்ளைக்காகத்தான் நின்றாள். இன்னொன்றும் இருக்கிறது அந்த அதிகாரத்தில். பிள்ளை பிறப்பதற்கு வெகு முன்பே, ஜெபம் முடிந்து எழுந்து போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது.

இடம் இல்லை என்றீர்கள். எனக்கும் இல்லை. நைட் ட்யூட்டி முடிந்து கும்மிடிப்பூண்டி லைனில் வரும்போது ட்ரெயினில் லேடீஸ் கம்பார்ட்மென்ட்தான் என் ஜெப அறை. பூக்கட்டுகிறவர்கள், மீன் கூடை, கல்லூரிப் பெண்களின் பாட்டு எல்லாம் இருக்கும். கண்ணைக்கூட மூடுவதில்லை. வார்டில் ஊசி போடப் போகும்போதும் ‘இயேசுவே, கூட வாரும்’ என்று நினைத்துக்கொண்டுதான் திரையை விலக்குவேன். பாரிஸில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார், 1691-ல் இறந்தார். துறவி மடத்துச் சமையல்காரர், பின்னாளில் செருப்புத் தைத்தவர். அவர் சொன்னது, முழங்காலில் நிற்கும்போது எப்படித் தேவனோடு இருக்கிறேனோ அப்படியே சட்டி பானைச் சத்தத்திலும் இருக்கிறேன் என்பது. உங்களுக்கு மாமியார் சீரியல் பார்க்கும் நேரத்தில் பாத்திரம் தேய்க்கிற வேலை இருக்குமே, அங்கேயே ஆரம்பியுங்கள்.

நர்ஸாக ஒரு வார்த்தை. ராத்திரி விழிப்பு, கை கால் சில்லிடுவது என்று எழுதியிருக்கிறீர்கள். நெஞ்சு படபடப்பும் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யலாம். மத்திய அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள், காசு இல்லை. மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் போய்விடாது அக்கா. தூங்காத உடம்புக்குச் சின்னச் சத்தம்கூடப் பெரிய பயமாகத்தான் கேட்கும். ஜெபத்தில் வரும் பயத்தில் பாதி அதுவாக இருக்கலாம்.

---

தண்டையார்பேட்டை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் தன் தம்பியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்குப் பதில் எழுத முடியவில்லை.

ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் செய்தேன். ஒரு பையன் மரியாதையாகப் பேசினான். மடகாஸ்கருக்குத் தெற்கே போய்க்கொண்டிருக்கிறது அம்மா, வானிலை நன்றாகத்தான் இருக்கிறது, வாரம் ஒருமுறை கூப்பிடுங்கள் சொல்கிறேன் என்றான். பத்து ரூபாய்க்குப் பூ வாங்கிக் கொடுத்த மாதிரி மனசு குளிர்ந்தது என்று என் மாமியாரே சொன்னார். அவருக்கும் பேரன்மேல் இத்தனை கவலை இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ஆப்பைக் காலையில் ஒரு தரம் மட்டும் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன்.

விடிகாலையில் தண்ணீர் வருவதற்கு முன்னால் எழுந்துவிடுகிறேன். தெருவே தூங்கும். குடங்களை வரிசையாக வைத்துவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து 70-ம் சங்கீத வசனம் சொல்கிறேன். சில நாள் அப்படியே தூங்கிப்போய், குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டுத்தான் விழிக்கிறேன். அது பரவாயில்லையா?

ஆனால் என் பெரிய கஷ்டம் வேறு. அண்ணன், மகன் பேரைச் சொல்லி ஒப்புக்கொடுக்கச் சொன்னார். ‘உம்முடைய சித்தம்’ என்ற வார்த்தைக்கு வரும்போது என் தொண்டை அடைத்துவிடுகிறது. அதைச் சொன்னால், எடுத்துக்கொள்ளும் என்று நானே அனுமதி கொடுக்கிற மாதிரி இருக்கிறது. அவன் என் ஒரே பிள்ளை. சொல்லாமல் இருந்தால் நம்பிக்கை இல்லாதவள் ஆகிவிடுகிறேனா? இதை எங்கள் சபையில் யாரிடமும் கேட்க முடியாது. இங்கே கேட்டுவிட்டேன்.

---

வியாசர்பாடி பிரதர் எழுதியது:

சகோதரி, உங்கள் கேள்வியை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: அந்த அம்மாவை அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், அவருக்காக நாம் சொல்வோம். நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்கினார்களே, ‘அவர்கள் விசுவாசத்தைக் கண்டு’ என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது.

---

பழைய துறைமுகத்தான் எழுதியது:

தங்கச்சி, வியாசர்பாடி வீட்டம்மா சொன்னதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. இருந்தாலும் என்னைக் கேட்டதால் எழுதுகிறேன்.

கெத்செமனேயில் ஆண்டவர் முதலில் சொன்னது ‘உம்முடைய சித்தம்’ இல்லை. இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்பதுதான் முதலில். ரத்தம் போல வேர்வை சொட்டக் கேட்டார், ஒரு தரம் கேட்டுவிட்டு விடவில்லை. பிதாவை நம்பாமல் அப்படிக் கேட்டார் என்று யாராவது சொல்வார்களா? நம்பினதால்தான் அவ்வளவு வெளிப்படையாகக் கேட்க முடிந்தது. என் பிள்ளை எனக்கு வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள். தினமும் கேளுங்கள். தொண்டை அடைக்கிற இடத்தில் நின்றுவிடுங்கள், அந்த அடைப்பையே அவர் முன்னால் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். சொல்ல முடியாத வார்த்தையைப் பொய்யாகச் சொல்வதைவிட அது மேல்.

அப்புறம், கடவுள் எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிறார், நாம் கையை விட்டதும் பறித்துக்கொள்வார் என்று அந்த எண்ணத்துக்குள் ஒன்று ஒளிந்திருக்கிறது பாருங்கள். அதை நம்பாதீர்கள். நீங்கள் ஒப்புக்கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தப் பிள்ளை இப்போதும் அவர் கையில்தான் இருக்கிறான், உங்களைவிட அவருக்கு அவன்மேல் பாசம் குறைவு இல்லை. என் தம்பி போனபோது அவனைக் கடவுள் பறித்தார் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எங்கள் அம்மா அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. புயல் அடித்தது, படகு சின்னது, கடவுள் அவனோடு படகில் இருந்தார் என்பார். கொந்தளிக்கிற கடலில் பின்னணியத்தில் தலையணை வைத்துப் படுத்திருந்தவரை மாற்கு எழுதியிருக்கிறாரே, அவரைத்தான் அம்மா சொன்னார். சீஷர்கள் அவரை எழுப்பி, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா என்று சத்தம் போட்டார்கள். அதுவும் செபம்தான்.

வார்த்தை ஒருநாள் தானாக வரலாம். எங்கள் அம்மாவுக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

தூங்கிப்போவதைக் கேட்டீர்கள். லிசியே ஊர் குழந்தை தெரேசம்மாள் கார்மேல் மடத்தில் இருந்துகொண்டே செப நேரத்தில் தூங்கிவிடுவார். வருத்தப்பட வேண்டிய விஷயம், ஆனால் நான் வருத்தப்படவில்லை, பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றவர்களுக்கு ஒரே பிரியம்தானே என்று எழுதினார். சபை அவரை 1997-ல் மறைவல்லுநர், அதாவது சபைக்கே போதிக்கும் ஆசிரியர் என்று அறிவித்தது. நீங்கள் ராத்திரி எல்லாம் விழித்துக் கிடந்தவர். படியில் பத்து நிமிஷம் கண் அயர்ந்தால் நன்றி சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்குங்கள்.

மகனுடைய ஞானஸ்நானப் பேரை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். சபை வேறு என்று யோசிக்க வேண்டாம். இந்த ஞாயிறு காலைப் பூசையை அவனுக்காக ஒப்புக்கொடுக்கும்படி கருத்துக் கொடுத்துவிடுகிறேன். கான்ட்ராக்ட் முடிந்து கப்பலை விட்டு இறங்கி (சைன் ஆஃப்) ஊர் திரும்புகிற தேதி தெரிந்தால் அதையும் எழுதுங்கள், அதுவரை ஒவ்வொரு மாதமும் கொடுக்கலாம்.